ஈஃபில் டவர் எங்கயும் ஓடிப்போயிடாது!

முன்குறிப்பு: வெளிநாட்டுல படிச்சு முடிக்கப்போற தம்பி தங்கச்சிகளைத் திட்டுறதுக்காகவே எழுதின பதிவு இது. ஏற்கனவே முடிச்சுட்டு வந்துட்ட அண்ணன்மாருக்கும் அங்கங்க உள்குத்து உண்டு. அடிக்க வர்றவங்க வரிசையில வரவும் :-)

வருஷா வருஷம் ஆகஸ்ட் பொறந்தா போதும், ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கிற நம்ம பசங்களோட வாட்ஸ்அப் குரூப்புல ஒரு எக்ஸெல் ஷீட் சுத்த ஆரம்பிச்சிரும். எந்தக் காலத்துலயோ எந்தப் புண்ணியவானோ போட்டது. தீசிஸ் சப்மிட் பண்ணின மறுநாள்ல இருந்து ஊருக்கு ஃப்ளைட் ஏறுற நாள் வரைக்கும் 21 நாள், 9 நாடு. ப்ராக் அரை நாள், வியன்னா ஒரு நாள், வெனிஸ் ஆறு மணி நேரம் (ஆமாங்க, ஆறே மணி நேரம்), அப்புறம் ரோம், பார்சிலோனா, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம்... ராத்திரி பூரா பஸ்ஸுல தூக்கம், காலையில ஸ்டேஷன் பாத்ரூம்ல பல் விளக்கல். அதுக்குப் பக்கத்துலயே ஷாப்பிங்குன்னு தனியா ஒரு ஷீட். சித்தப்பாவுக்கு சென்ட் பாட்டில், அத்தை பொண்ணுக்கு சாக்லேட், அப்பாவுக்கு ட்ரிம்மர்னு கிராம் கணக்கோட எழுதியிருக்கும்.

எங்க ஏரியா தம்பி ஒருத்தன் போன வாரம் அதை எனக்கு அனுப்பி, "அண்ணா, இதுல ஸ்விஸ்ஸை எங்கண்ணா நுழைக்கிறது?"ன்னு கேட்டான். எங்கயும் நுழைக்காதடா, மொத்த ஷீட்டையும் தூக்கிக் குப்பையில போடுன்னு சொன்னேன். பையன் அதோட பேச்சை நிறுத்திட்டான். அதான் உங்ககிட்ட வந்து பேசுறேன், ஹி ஹி.

இந்தப் பதிவுல 'நீ'ன்னு வந்தா அது தம்பிகளுக்கு. 'நீங்க'ன்னு வந்தா சக பதிவர்களுக்கு. குழப்பிக்காதீங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். டூரிஸ்டா ஒரு நாட்டுக்கு எப்ப வேணும்னாலும் போகலாம். 40 வயசுல குடும்பத்தோட போகலாம், 60 வயசுல பேக்கேஜ் டூர்ல போகலாம். ஆனா ஒரு ஊருக்கு ஊர்க்காரனா இருக்கிறதுக்குக் கெடு தேதி இருக்கு. ரெண்டு ரெண்டரை வருஷம் நீ குடியிருந்த ஊர்ல, உனக்கு இன்னும் ஆறு வாரம்தான் ஊர்க்காரன்ங்கிற அந்தஸ்து பாக்கி. அந்த ஆறு வாரத்தை ஒன்பது ஊர்ல டூரிஸ்டா இருந்து செலவழிக்கிறது இருக்கே, அதுக்குப் பேருதான் சொ.செ.சூ. காசும் உன்னுது, சூனியமும் உனக்கே.

கெடு தேதின்னு சும்மா சொல்லல. பல்கலைக்கழகத்துல பேரை நீக்கினதும் ஸ்டூடண்ட் கார்டு செத்துப்போகும். அதோட லைப்ரரி போச்சு, மென்ஸாவுல மாணவர் விலைச் சாப்பாடு போச்சு, பிராக்டிகல் லேப் கதவு திறக்காது, நம்ம புரொபசர் ரூமுக்குள்ள அப்பாயின்ட்மென்ட் இல்லாம எட்டிப்பாக்குற உரிமை போச்சு. மாணவர்களுக்கான டிக்கெட்டும் போச்சு. 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்ச டாய்ச்லாண்ட் டிக்கெட், 2025 ஜனவரியில 58 ஆகி, 2026 ஜனவரியில 63 யூரோ ஆயிருச்சு. நிறைய பல்கலைக்கழகங்கள்ல மாணவர்களுக்கு இதுலயும் சலுகை உண்டு. அதிவேக ட்ரெயினை விட்டுட்டா, நாடு பூரா லோக்கல் ட்ரெயின், பஸ், ட்ராம் எல்லாத்துலயும் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம். இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை கையில வெச்சுக்கிட்டு நம்ம ஆளு போறது ரெண்டே இடம். ஒண்ணு ஏர்போர்ட், இன்னொண்ணு இந்தியன் கடை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் கோயம்புத்தூர்க்காரன். படிச்சது கிழக்கு ஜெர்மனியில சாக்சனி மாநிலத்துல இருக்கிற கெம்னிட்ஸ். 2023ல முடிச்சேன். இப்ப சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். கெம்னிட்ஸ்னு சொன்னா, "அப்படி ஒரு ஊரா? மியூனிக் பக்கமா?"ன்னுதான் கேப்பாங்க. அங்க படிக்கிற நம்மாளுங்களே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா, "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல மச்சி"ன்னு புலம்பல் ராகம் பாட ஆரம்பிச்சிருவாங்க. ஒண்ணுமே இல்லாத ஊர்ல என்னென்ன இருக்குன்னு பாப்போமா?

கெம்னிட்ஸுக்குப் பழைய பட்டப் பேரு 'சாக்சனியின் மான்செஸ்டர்'. கோயம்புத்தூர்க்காரன் எவனாவது இதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியுமா? நமக்கு 1888ல ஸ்டேன்ஸ் துரை மில்லு வெச்சார், 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'னு பேரு வந்துச்சு. அவங்களுக்கு அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே பெரிய நூற்பு மில்லு வந்தாச்சு. அந்த மில்லு கட்டிடம் இன்னிக்கும் நிக்குது. எதுவா? பல்கலைக்கழக லைப்ரரியா! 2020ல இருந்து லைப்ரரி அந்த மில்லுக்குள்ளதான் இருக்கு. தீசிஸ் எழுத தினம் அங்க போய் உக்காந்து, சார்ஜர் பாயின்ட் இருக்கிற சீட்டா பாத்து துண்டு போட்டு, ஆறு மாசம் தேய்ச்ச பசங்க எத்தனையோ பேரு. "இது என்ன கட்டிடம்டா?"ன்னு கேட்டா, "லைப்ரரிண்ணா"ங்கிறான். மில்லுத் தொழிலாளி பேரனே அப்படிச் சொல்லும்போது எனக்கு டவுசர் கிழிஞ்ச மாதிரி ஆயிருது.

அங்க ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் படிக்கத்தான் நம்ம பசங்க நிறைய பேரு போறாங்க. ஆடி காருல நாலு வளையம் இருக்கே, அது 1932ல சாக்சனியில ஒண்ணா சேர்ந்த நாலு கம்பெனிக்கான அடையாளம். அதுல வாண்டரர்ங்கிற கம்பெனி கெம்னிட்ஸ்ல இருந்ததுதான். ஆட்டோ யூனியனோட தலைமை அலுவலகமும் அதே ஊர்லதான் இருந்துச்சு. ஆனா தம்பிகளுக்கு கார்னா இங்கோல்ஸ்டாட், ஸ்டூட்கார்ட். அந்த ஊர்ல இன்டஸ்ட்ரி மியூசியம்னு ஒண்ணு இருக்கு. பழைய நூற்பு மெஷின், நீராவி எஞ்சின், கார்னு எல்லாத்தையும் ஒரு பழைய வார்ப்படப் பட்டறைக்குள்ள வெச்சிருக்காங்க. எஞ்சினியரிங் படிக்க வந்தவன் அதைப் பாக்காம பாரிஸ்ல மோனாலிசாவை முன்னூறு தலைக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு வர்றான். அதையும் செல்போன் ஸ்க்ரீன் வழியாத்தான்!

அப்புறம் டவுனுக்குள்ள டீட்ஸ்னு ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டிடம், 1913ல திறந்தது. உள்ள நடு முத்தத்துல கல்லான மரங்கள் தூண் மாதிரி நிக்கும். 29 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சு சாம்பல்ல புதைஞ்ச காடு. நம்ம திருவக்கரைக் கல்மரங்களுக்குப் பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. பாக்க டிக்கெட் கூட வேணாம், உள்ள நடந்து போனாப் போதும். அதே கட்டிடத்துல ஊர்ப் பொது நூலகம் இருக்கு. அதுக்கு எதுத்தாப்புல டோனர் கபாப் வாங்கித் தின்ன நம்ம பசங்களுக்கு கணக்கே இல்ல. உள்ள போனவங்களை விரல் விட்டு எண்ணிரலாம்.

எல்லாரும் போட்டோ எடுத்துக்கிற ஒரே இடம் கார்ல் மார்க்ஸ் தலை. 1971ல வெச்சது, தலை மட்டும் 7 மீட்டர் உசரம். ஊர்க்காரங்க செல்லமா 'நிஷெல்'னு சொல்லுவாங்க, அவங்க வட்டார வழக்குல மண்டைன்னு அர்த்தம். 1953ல இருந்து 1990 வரைக்கும் ஊர் பேரே கார்ல் மார்க்ஸ் நகரம்தான். மார்க்ஸ் அந்த ஊருக்கு வந்து குடியிருந்தவரும் இல்ல, அது வேற கதை. அப்புறம் ஓட்டுப் போட்டு பழைய பேரையே வாங்கிக்கிட்டாங்க. மெட்ராஸ் சென்னையானதைப் பாத்த நாம, பேரு மாறுறதுன்னா ஒரு ஊருக்கு என்னன்னு அங்க ஒரு தாத்தா கிட்ட கேட்டிருந்தா ஒரு சாயங்காலம் பூரா கதை சொல்லியிருப்பார். நம்ம ஆளு தலைக்கு முன்னாடி நின்னு ரெண்டு விரலைக் காட்டி போட்டோ எடுத்துட்டு வந்துருவான். பின்னாடி சுவத்துல நாலு மொழியில என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பான்.

இதுல உச்சக்கட்டம் 2025. அந்த வருஷம் ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகரங்கள்ல ஒண்ணா கெம்னிட்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. வருஷம் பூரா ஊர் முழுக்கக் கண்காட்சி, கச்சேரி, நாடகம். உலகமே 'ஐரோப்பாவைப் பாக்கணும்'னு அந்த ஊருக்கு வந்துக்கிட்டு இருந்தப்போ, அங்கயே குடியிருந்த நம்ம பசங்க 'ஐரோப்பாவைப் பாக்கணும்'னு ராத்திரி பஸ் பிடிச்சு வெளிய போயிட்டு இருந்தாங்க. இதை விட நல்ல ஜோக்கு எனக்குத் தெரியாது சாமி.

"உனக்கு கெம்னிட்ஸ் பிடிச்சிருக்கு, எங்க ஊர் அப்படி இல்ல"ன்னு மத்த ஊர்ல படிக்கிறவங்க தப்பிக்க முடியாது. எல்லா ஊர்லயும் ஏதோ ஒண்ணு இருக்கும். நமக்கே சொந்தமான விஷயம் கூட இருக்கும். எங்க ஊர்ல இருந்து லைப்ஸிக் ஒரு மணி நேரம், அங்க ட்ரெயின் மாறினா ஹாலேன்னு ஒரு ஊர் அரை மணி சொச்சம். அந்த ஹாலேயில இருந்து கிளம்பின ஆளுங்கதான் தரங்கம்பாடிக்கு வந்தது. 1706ல அங்க வந்து இறங்கின சீகன்பால்கு கொஞ்ச நாள் ஹாலேயில படிச்சவர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு முதல்ல தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பினதும் ஹாலேயில இருந்துதான். அவர் லத்தீன்ல எழுதின தமிழ் இலக்கணம் 1716ல அச்சானதும் அங்கதான். அந்த ஃபிராங்கே அறக்கட்டளைக் கட்டிடங்கள் இன்னிக்கும் அப்படியே இருக்கு. காப்பகத்துல தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கு. நாம ட்ரெயின் மாறுற லைப்ஸிக்லதான் 1856ல கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்து வெளியிட்டார். நான் கடைசி வாரங்கள்ல ஹாலே போனேன். செலவு: மாச டிக்கெட் ஏற்கனவே இருந்துச்சு, ஒரு காபி, ஒரு ப்ரெட்ஸல். அவ்வளவுதான். தமிழ்ல தட்டச்சு பண்ணி வலைப்பூ எழுதுற ஒருத்தனுக்கு, தமிழ் எழுத்தை ஈயத்துல வார்த்த ஊரு ஒண்ணரை மணி நேரத் தூரத்துல இருக்கும்போது, பிசா கோபுரத்தைக் கையால தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ என்னத்துக்குங்க?

டோர்ட்முண்ட், போகும் பக்கம் படிக்கிறவங்களுக்கு ஹம் நகரத்துல காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. ஈழத்துல இருந்து அகதிகளா வந்தவங்க கட்டி 2002ல குடமுழுக்கு செஞ்ச கோயில், முழுக் கோபுரத்தோட. நம்ம பசங்க ஈழத்து அண்ணன் கடையில முருங்கைக்காய் வாங்குவாங்க, மட்டக்களப்பா யாழ்ப்பாணமான்னு கூட கேட்டிருக்க மாட்டாங்க. "எப்பண்ணா வந்தீங்க? எப்படி வந்தீங்க?"ன்னு ஒரு கேள்வி. கடையடைக்கிற நேரமாப் பாத்துக் கேட்டுப் பாரு. ஒன்பது நாடு சுத்தினாலும் கிடைக்காதது அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னா கிடைக்கும்.

இது வரைக்கும் சொன்னது உன் லாப நஷ்டம். போனா உனக்குத்தான் போச்சு, எனக்கென்னன்னு விட்டுடலாம். ஆனா அடுத்தது அப்படி இல்ல. இதுக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

21 நாள் டூர் அடிச்சுட்டு, ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் ராத்திரி ரூமுக்கு வந்து சேர்ற ஒருத்தன் என்ன பண்ணுவான்? பெட்டியைக் கட்டுவான், கிளம்பிருவான். மெத்தை தெருவுல. ஜெர்மனியில பெரிய குப்பையை நினைச்ச நேரத்துல ரோட்டுல போட முடியாது, முன்னாடியே சொல்லி நாள் வாங்கணும். பக்கத்து வீட்டம்மா அதைப் பாத்து போன் போடுவாங்க. அடுப்புல ரெண்டு வருஷ எண்ணெய்ப் பிசுக்கு. சுவத்துல ஆணி ஓட்டை (நாம ஆபீஸ்ல பிடுங்குற ஆணி இல்ல, நிஜ ஆணி). நகராட்சி ஆபீஸ்ல 'நான் ஊரை விட்டுப் போறேன்'னு பதிவை நீக்கணும், அதுக்கு அப்மெல்டுங்னு பேரு. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்து, போய் ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணியாகணும். பண்ண மாட்டான். அந்தத் துண்டுப் பேப்பர் இருந்தாத்தான் இன்சூரன்ஸ், இன்டர்நெட், பேங்க்னு எல்லாத்தையும் ஒழுங்கா முடிக்க முடியும்.

ரேடியோ டிவி கட்டணம்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ, 2021 ஆகஸ்ட்ல இருந்து. அப்மெல்டுங் பண்ணினா மட்டும் இது தானா நிக்காது, தனியா எழுதி நிறுத்தணும். நிறுத்தலைன்னா ஒரு வருஷத்துக்கு 220 யூரோ ஏறும். "நான்தான் இந்தியாவுக்கு வந்துட்டேனே, என்ன புடுங்குவாங்க?"ன்னு கேக்கிறான் ஒருத்தன். சரி, நீ வந்துட்ட. உன் கூட ரூம்ல இருந்த ஜூனியர் அங்கதானே இருக்கான்? கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல. அடுத்த லெட்டர் அவன் பேருக்கு வரும். நாலு வருஷம் கழிச்சு நீயே ப்ளூ கார்டுல திரும்பப் போய் அட்ரஸ் பதிஞ்சா, பழைய பாக்கி உன்னையும் தேடி வரலாம்.

வாடகை இன்னும் மோசம். சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கு மூணு மாச நோட்டீஸ். அக்டோபர் கடைசியில காலி பண்ணணும்னா, ஆகஸ்ட் மாசம் மூணாவது வேலை நாளுக்குள்ள கையெழுத்துப் போட்ட லெட்டர் ஓனர் கையில இருக்கணும். எக்ஸெல் ஷீட்டுல வெனிஸுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கத் தெரிஞ்சவனுக்கு இந்த ஒரு வரி தெரியாது. அட்வான்ஸ் மூணு மாச வாடகை வரைக்கும் வாங்கியிருப்பாங்க, திருப்பித் தர மாசக் கணக்கா ஆகும். அதுக்குள்ள இவன் பேங்க் அக்கவுண்டை மூடிட்டுப் போயிருப்பான். இல்லைன்னா, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு கடைசி வாடகையைக் கட்டாம பறந்திருப்பான். ஜிம் ஒப்பந்தம் வேற. ஊர் மாறிப் போறது ஜிம் ஒப்பந்தத்தைப் பாதியில முறிக்கக் காரணம் ஆகாதுன்னு அந்த நாட்டு மத்திய நீதிமன்றம் 2016லயே சொல்லிருச்சு.

இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணும். எனக்கு ஒரு ஓனரம்மாவைத் தெரியும். ரெண்டு ரூம் வாடகைக்கு விடுவாங்க. இந்தியப் பசங்களுக்கு வருஷக்கணக்கா கொடுத்துக்கிட்டு இருந்தவங்க. அடுத்தடுத்து ரெண்டு பேரு சொல்லாம கொள்ளாம இப்படிப் பறந்ததுக்கு அப்புறம், "இனிமே இந்தியர்களுக்குக் கொடுக்கிறது இல்ல"ன்னுட்டாங்க. அவங்க இனவெறி பிடிச்சவங்கன்னு நம்ம குரூப்புல பெரிய சண்டை. எல்லாரையும் ஒரே தட்டுல வெச்சு எடை போட்டது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கதவைச் சாத்த வெச்சது யாரு? ரோம்ல போட்டோ போட்டு 200 லைக் வாங்கினவன். கதவு சாத்தினதுல அனுபவிச்சது யாரு? அக்டோபர் குளிர்ல ரெண்டு பெட்டியோட வந்து இறங்கி, ரூம் கிடைக்காம நண்பனோட நண்பன் ரூம் தரையில மூணு வாரம் படுத்துக் கிடந்த புதுப் பையன். 2023-24 குளிர்காலப் பருவத்துல மட்டும் ஜெர்மனியில 49,000க்கும் மேல இந்திய மாணவர்கள். வெளிநாட்டு மாணவர்கள்ல நாமதான் முதலிடம். அத்தனை பேருக்கும் ரூம் வேணும். நீ விட்டுட்டுப் போற பேருதான் அவனுக்கு அட்வான்ஸ்.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். நாட்டாமை ஒரு பக்கமா தீர்ப்பு சொல்லக் கூடாது பாருங்க.

முதல் வாதம்: "இப்ப ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கு, ஷெங்கன் நாடு எல்லாம் விசா இல்லாம போகலாம். இந்தியாவுக்கு வந்துட்டா விசாவுக்கு நாயா அலையணும்." நியாயமான வாதம், ஒத்துக்கறேன். நம்ம பாஸ்போர்ட்டோட லட்சணம் எனக்கும் தெரியும். 2024 ஜூன்ல இருந்து ஷெங்கன் விசா ஃபீஸ் மட்டுமே 90 யூரோ, அதுவும் கொடுத்தாலும் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல. ஆனா அந்தப் பெர்மிட் உனக்கு ரெண்டு வருஷமா பையில இருந்துச்சே? செமஸ்டர் லீவு, ஈஸ்டர் லீவுன்னு எத்தனை வந்துச்சு? அப்பெல்லாம் ரூம்ல படுத்து வெப் சீரிஸ் பாத்துட்டு, கடைசியில மொத்தமா வாயில திணிக்கிறது எதுக்கு? அப்படியும் ஆசை விடலையா, ஆறு வாரத்துல நாலு நாள் பாரிஸ் போயிட்டு வா. யாரு வேணாம்னா? ஒரு ஊரை நாலு நாள் பாரு. ஒன்பது ஊரை 21 நாள்ல பாக்காத.

ரெண்டாவது வாதம்: "லோன் வாங்கிட்டு வந்திருக்கோம், கடைசி வரைக்கும் வேலைக்குப் போய் நாலு காசு சேக்கணும்." குடோன்ல பெட்டி தூக்குறவன், ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறவன், சைக்கிள்ல சாப்பாடு கொண்டு போறவன், இவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவங்க காசைச் சேக்கிறாங்க, இந்த டூர் கோஷ்டி கரைக்குது. எவ்வளவு சிக்கனமா போனாலும் 21 நாளைக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டிரும். நான் சொல்ற லைப்ரரி, கல்மரம், ஹாலே, கடைக்கார அண்ணன் எதுக்கும் காசு கேக்காது. லோன் வாங்கினவனுக்கு என் திட்டம்தான் கட்டுப்படியாகும்.

மூணாவது வாதம்: "ஜெர்மன் தெரியாது, யாரு கூட பேசுறது?" படிப்பு இங்கிலீஷ்ல நடந்துச்சு, ரூம்ல தமிழ்ல ஓடுச்சு, புரியுது. ஆனா ரெண்டு வருஷத்துல 'டாங்கே'வைத் தாண்டாததுக்கு ஊர் என்ன பண்ணும்? கடைசி ஆறு வாரம் தப்புத் தப்பா பேசறதுக்கு உலகத்துலயே நல்ல நேரம். சிரிச்சா சிரிக்கட்டுமே, கிளம்பப் போறவனுக்கு என்ன மானம் போகுது? மாடியில இருக்கிற பாட்டி கிட்ட, "நான் ஊருக்குப் போறேன், ரெண்டு வருஷம் ராத்திரி பத்து மணிக்கு மேல தாளிச்சதைப் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி"ன்னு சொல்ல எட்டு வார்த்தை போதும். எங்க வீட்டுப் பாட்டி அதுக்கு ஒரு கேக்கு சுட்டுக் கொண்டு வந்தாங்க. அந்த மசாலா வாசனையில என்ன போடுறீங்கன்னு ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தாங்களாம்! கேக்கிறதுக்கு அவங்களுக்குக் கூச்சம், சொல்றதுக்கு நமக்குக் கூச்சம்.

நாலாவது வாதம்: "நான் இந்தியாவுக்கே போகல, மியூனிக்ல வேலை தேடப் போறேன்." நல்லது. படிச்சு முடிச்சவங்களுக்கு வேலை தேட 18 மாசம் வரைக்கும் பெர்மிட் தர்றாங்க, நல்லா தேடு. ஆனா அந்த ஊரை விட்டுத்தானே போற? பேரை நீக்கினதும் ஸ்டூடண்ட் கார்டு உனக்கும்தான் செத்துப்போகும். புரொபசரைப் பாத்து பரிந்துரைக் கடிதம் வாங்கு, சர்டிபிகேட் நகல்களுக்குச் சான்று முத்திரை வாங்கு, லேப்ல உனக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்த டெக்னீஷியன் கிட்ட சொல்லிட்டுப் போ. மெயில்ல கேட்டா மூணு வாரம் ஆகிறது, நேர்ல போனா மூணு நிமிஷத்துல முடியும்.

திட்டிட்டே இருந்தா எப்படி, நீ என்ன பண்ணணும்னும் சொல்லிடறேன். வாடகை நோட்டீஸ் ஆறு வாரக் கணக்குலயே வராது, மூணு மாசம் முன்னாடியே போட்டிரு. மொத ரெண்டு வாரம் பேப்பர் வேலை: இன்டர்நெட், ஜிம், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் லெட்டர், சர்டிபிகேட், புரொபசர். அடுத்த ரெண்டு வாரம் ஊரு: தினம் ஒரு இடம், தனியாப் போ, போனைப் பையில வெச்சுட்டுப் போ. அஞ்சாவது வாரம் மனுஷங்க: கடைக்காரர், பக்கத்து வீடு, லேப், கூடப் படிச்ச வேற நாட்டுப் பசங்க. ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்த ஈரான்காரப் பொண்ணுக்கும் வியட்நாம் பையனுக்கும் ஒரு வேளை சாம்பார் சாதம் போட்டதில்லையே நாம? போடு. ஆறாவது வாரம் ரூம்: ஓட்டையை அடை, அடுப்பைத் தேய், காலி பாட்டிலை எல்லாம் மெஷின்ல போட்டுக் காசு வாங்கு (பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், மூலையில குவிச்சு வெச்சிருக்கியே அதுலயே ஒரு கிலோ சாக்லேட் வரும் ;-) ). குக்கரையும் தோசைக்கல்லையும் அடுத்து வர்ற ஜூனியருக்குக் கொடு. விக்காத, கொடு. அப்மெல்டுங் முடி. சாவியைக் கையில கொடுத்து, என்னென்ன எப்படி இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி வாங்கிட்டு வா.

சாக்லேட்? அத்தை பொண்ணுக்கு அதே சாக்லேட் ஆர்.எஸ்.புரத்துலயே கிடைக்குது. அவளுக்கும் தெரியும். உங்க அத்தைக்குத்தான் தெரியாது.

இப்ப சக பதிவர்களுக்கு. நம்மள்ல பாதிப் பேரு அமெரிக்கா, லண்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியான்னு எங்கயோ படிச்சவங்க, இல்ல படிச்சுட்டு இருக்கிறவங்க. பயணக் கட்டுரைன்னு நாம எழுதுறதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. நயாகரா இருக்கும், லண்டன் ஐ இருக்கும், 'சுவிட்சர்லாந்து பாகம் 7' இருக்கும். படிச்ச ஊரைப் பத்தி ஒரு பதிவு இருக்குதா? தினம் ஏறின பஸ் டிரைவர், வாடகை ஓனர், துணி துவைக்கிற கடை, குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிப் போன தெரு? ஒரு ஊருக்கு ரெண்டு வருஷம் கொடுத்துட்டு அதைப் பத்தி ரெண்டு வரி எழுத முடியலைன்னா, நாம அங்க இருந்தோம்னு எதை வெச்சுச் சொல்றது? விசா முத்திரையை வெச்சா?

அதனால ஜூனியர்கள் கேட்டா அந்த எக்ஸெல் ஷீட்டை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அதுக்குப் பதிலா உங்க ஊர்ல நீங்க பாத்த மூணு இடம், பழகின மூணு ஆளு, முடிச்சுட்டு வந்த மூணு பேப்பர் வேலை. இந்த ஒன்பதை எழுதி அனுப்புங்க. ஒன்பது நாட்டை விட அது அவங்களுக்கு உபயோகப்படும். அவங்க வாழ்ந்த ரூமுக்கு அடுத்து வர்ற, நமக்கு முகம் தெரியாத இன்னொரு பையனுக்கும் உபயோகப்படும்.

டிஸ்கி 1: நான் ஈஃபில் டவர் பாத்ததில்லை. பொறாமையில எழுதினதுன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு முன்கூட்டியே பதில்: ஆமா, பொறாமைதான். அது 1889ல இருந்து அங்கயே நிக்குது, நான் மெதுவா போய்ப் பாத்துக்கறேன்.

டிஸ்கி 2: உங்க ஊரோட மூணு-மூணு-மூணு பட்டியலைப் பின்னூட்டத்துல போடுங்க. "ஒண்ணுமே இல்லாத ஊரு"ன்னு பேரெடுத்த ஊர்களுக்கு முன்னுரிமை :-)